கம்மியில் எது கம்மி?

இதைக் கேட்கும்போது பக்கத்தில் ஒரு விட்டமின் கம்மி பாட்டில் இருந்தா, பாஸ் பண்ணிட்டு லேபிளைத் திருப்பிப் பாருங்க. பெரியவங்களுக்கானதோ குழந்தைகளுக்கானதோ, எந்த மல்டிவிட்டமின் கம்மியா இருந்தாலும் சரி. விட்டமின் டி இருக்கும், பி12 இருக்கும், பயோட்டின் இருக்கும், பெரும்பாலும் சி-யும் இருக்கும். இப்போ இரும்புச்சத்தைத் தேடுங்க. பெரும்பாலான மல்டிவிட்டமின் கம்மிகளில் அது இருக்காது.

சரி, ஒரு சத்து இல்லைன்னா என்னனு கேட்கலாம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதத்துக்கு மேல், 5 வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு. ரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று இரும்புச்சத்துக் குறைபாடு. ஆக, நம்ம ஊரில் நிறைய பேருக்குத் தேவைப்படுற சத்துதான் அந்த அழகான பாட்டிலில் இல்லை.

இதை ஏதோ கம்பெனிகளோட சதினு நான் நினைக்கலை. இதுக்குப் பின்னாடி ஒரு பொறியியல் சிக்கல் இருக்கு. அந்தச் சிக்கலுக்கு கிட்டத்தட்ட 275 வருஷ வரலாறும் இருக்கு. இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

கொதித்துப்போன மருந்து

1747. சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். மாலுமிகளுக்கு ஸ்கர்வி. ஈறுகள் வீங்கி ரத்தம் வரும், எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது, கடைசியில் உயிரே போகும். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை எடுத்து, இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, 6 விதமான சிகிச்சை கொடுத்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் சைடர், இன்னொன்றுக்கு வினிகர், இன்னொன்றுக்குக் கடல்நீர், இப்படி. ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் 2 ஆரஞ்சு, 1 லெமன். 6 நாளில் பழம் தீர்ந்துபோச்சு. ஆனா அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைக் கவனிக்கிற அளவுக்குத் தேறிட்டார்.

மருத்துவ வரலாற்றில் இந்தச் சோதனையை எல்லாரும் சொல்வாங்க. அதுக்கு அடுத்து நடந்ததைச் சொல்றவங்க குறைவு.

பழத்தை மாதக்கணக்கில் கப்பலில் வைக்க முடியாது, அழுகிடும். அதனால் லிண்ட் 1753-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு வழி சொன்னார். சாறைப் பிழிந்து, ஏறக்குறைய கொதிக்கிற நீர் மேல் பாத்திரத்தை வைத்து, பல மணி நேரம் சுண்ட வைக்கணும். கெட்டியான பாகு மாதிரி வரும். அதற்கு 'ராப்' என்று பெயர். எடை கம்மி, இடம் கம்மி, கெட்டுப் போகாது. எந்த இன்ஜினியரும் கைதட்டுவார்.

ஒரே பிரச்சினை, அது சரியா வேலை செய்யலை. வெப்பமும் காற்றும் சேர்ந்தா விட்டமின் சி சிதையும். சுண்டும்போதே நிறைய போயிடும். பாட்டிலில் இருக்கும்போது மிச்சமும் குறையும். பாவம், லிண்டுக்கு இது தெரிய வழியே இல்லை. விட்டமின் சி-யைத் தனியாகப் பிரித்து அடையாளம் கண்டதே 1930களில்தான். ராப்பை நாக்கில் வைத்தால் புளிப்பு அப்படியே இருக்கும், மணம் இருக்கும். சத்து போனது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாறை அதிகாரபூர்வமாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். லிண்டின் சோதனைக்கு 48 வருஷம் கழித்து.

இந்த ராப்பை மனசில் வெச்சுக்கோங்க. வசதியான வடிவத்துக்கு மாற்றும்போது உள்ளே இருக்கிறது செத்துப்போகலாம், அது வெளியே தெரியவும் தெரியாது. கம்மியின் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகுது.

கதவை மூடிய கேப்சூல்

அடுத்த ஸ்டாப் 1834, பாரிஸ். கோபைபா என்று ஒரு மரப்பிசின் எண்ணெய். அந்தக் காலத்தில் பால்வினை நோய்க்கு அதைத்தான் கொடுப்பாங்க. சுவையும் நாற்றமும் குமட்டும். மோத், டுப்ளாங் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதை ஜெலட்டின் உறைக்குள் அடைத்து காப்புரிமை வாங்கினாங்க. ஜெலட்டின் கேப்சூல் அங்கிருந்துதான் கிளம்புது. அடுத்த நூற்றாண்டில், 1933-ல், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ராபர்ட் ஷெரர் அதை மெஷினில் தொடர்ச்சியாக உருவாக்க வழி கண்டார். நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற மீன் எண்ணெய் மாத்திரை, அந்தப் பளபளப்பான மஞ்சள் உருண்டை, அந்தத் தொழில்நுட்பத்தின் வாரிசு.

கேப்சூலின் ஐடியா சிம்பிள். மருந்தை நல்ல சுவையாக்க முயற்சியே பண்ணாது. மருந்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திடும். நாக்கு மருந்தைச் சந்திக்கவே சந்திக்காது. காற்றும் அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது.

ஆனா ஒரு யூசருக்கு மட்டும் இது ஒத்துவராது: குழந்தை. சின்னப் பிள்ளைகளால் கேப்சூலை விழுங்க முடியாது, மென்றுதான் சாப்பிடும். மென்றால் நாக்குக்குத் தெரிந்தே ஆகணும். நம்ம பாட்டிகள் லேகியத்தில் வெல்லம் சேர்த்தது இதே கணக்குதான். அமெரிக்காவில் 1968-ல் மைல்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் பாத்திரங்கள் வடிவில், மென்று தின்னும் விட்டமின் மாத்திரை கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் குழந்தைகள் டிவி நிகழ்ச்சிகளுக்கு நடுவிலேயே விட்டமின் விளம்பரம் வரும். பெற்றோர் அமைப்புகள் எதிர்த்தாங்க, 1972-ல் கம்பெனிகள் அந்த விளம்பரங்களை நிறுத்தின. மருந்தை மிட்டாய் மாதிரிக் காட்டலாமா என்ற சண்டை கம்மிக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு.

கரடிக்காகக் கட்டிய ஃபேக்டரி

இப்போ மிட்டாய் பக்கம் வருவோம். 1920-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஹன்ஸ் ரீகல் ஒரு சின்ன மிட்டாய் கம்பெனி ஆரம்பித்தார். ஹன்ஸ், ரீகல், பான் மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஹரிபோ. 1922-ல் அவர் உருவாக்கிய 'நடனக் கரடி'தான் இன்றைய கம்மி பேர்களின் முன்னோர்.

கம்மி மிட்டாய் எப்படிச் செய்றாங்கனு சுருக்கமா சொல்றேன், இது தெரிஞ்சாதான் மீதிக் கதை புரியும். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தண்ணீர் மூன்றையும் 110 டிகிரிக்கு மேல் காய்ச்சணும். ஜெலட்டின் சேர்க்கணும். கடைசியாக நிறம், மணம், புளிப்பு. அகலமான தட்டுகளில் மக்காச்சோள ஸ்டார்ச் மாவைப் பரப்பி, கரடி அச்சை அழுத்தி எடுத்தா குழி விழும். அந்தக் குழிகளில் சூடான பாகை ஊற்றணும். ஒரு நாளோ அதற்கு மேலோ சூடான அறையில் உலர விடணும். மாவு ஈரத்தை உறிஞ்சும், கரடி இறுகும். பிறகு தட்டைக் கவிழ்த்து, மாவைச் சலித்து, உலர்த்தி, அதே மாவை மறுபடியும் பயன்படுத்தணும். இந்த மெஷினுக்கு மிட்டாய்த் தொழிலில் 'மொகல்' என்று பெயர்.

இந்த ஃபேக்டரியின் ஒவ்வொரு படியையும் பாருங்க. கொதிநிலைக்கு மேல் சூடு, அமிலம், ஈரம், மணிக்கணக்கில் சூடான காற்று. லிண்டின் ராப்பை அழித்த அதே ஆட்கள், புது யூனிஃபார்மில். மிட்டாய்க் கரடிக்கு இதில் எந்தப் பிரச்சினையும் இல்லை, சர்க்கரைக்குச் சாக ஒண்ணும் இல்லை. கரடி இனிப்பா இருந்தா போதும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சில சின்ன நிறுவனங்கள் இந்தக் கரடிக்குள் விட்டமினை வைத்தன. குழந்தைகள் அடம்பிடிக்காமல் தின்றன. பெரியவங்களும் ஆரம்பிச்சாங்க. 2012-ல் சர்ச் அண்ட் ட்வைட், அதாவது பேக்கிங் சோடாவுக்குப் பேர் போன கம்பெனி, விட்டாஃப்யூஷன், லில் கிரிட்டர்ஸ் என்ற இரண்டு கம்மி பிராண்டுகளை வைத்திருந்த நிறுவனத்தை 65 கோடி டாலருக்கு வாங்கியது.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த நிலைமை நல்லாத் தெரியும். சிஸ்டம் அப்படியே இருக்கு, ரிக்வயர்மென்ட் மட்டும் மாறிடுச்சு. பழைய ரிக்வயர்மென்ட்: இனிப்பா இருக்கணும். புது ரிக்வயர்மென்ட்: இரண்டு வருஷம் கழித்துத் திறந்தாலும் லேபிளில் போட்ட அளவு உள்ளே இருக்கணும்.

யார் உள்ளே வரலாம்?

ஒவ்வொரு சத்தும் இந்த ஃபேக்டரி வாசலில் இன்டர்வியூவுக்கு வரிசையில் நிற்குதுனு வெச்சுக்கோங்க.

முதலில் விட்டமின் டி, பி12, பயோட்டின். இவங்க தேவை மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இவ்வளவு சின்ன அளவு பாகின் சுவையையோ இறுக்கத்தையோ மாற்றாது. கொஞ்சம் சிதைந்தாலும் முன்கூட்டியே கூடுதலாகப் போட்டுக்கலாம். செலக்டட். கம்மி லேபிள்களில் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

அடுத்து விட்டமின் சி. சூட்டில் போகும், காற்றில் போகும், போகிற வழியில் கம்மியைப் பழுப்பாக்கிட்டுப் போகும். அதனால் காய்ச்சி முடித்த பிறகு கடைசி நிமிஷத்தில் சேர்ப்பாங்க. அப்பவும் பாகு 80 டிகிரி பக்கத்தில் இருக்கும், ஆறினால் ஊற்ற முடியாதே.

மூன்றாவது கால்சியம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1000 மில்லிகிராம் வேணும். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். கணக்குப் போடுங்க: 2.5 கிராம் பவுடர். ஒரு கம்மியோட மொத்த எடையே சுமார் 2 முதல் 3 கிராம். அதாவது முழுக் கம்மியும் சுண்ணாம்புக்கட்டியா இருக்கணும். அதனால் கம்மிகளில் கால்சியம் இருந்தாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெலட்டின் மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பிலிருந்து வருது. அது 35 டிகிரி பக்கத்தில் உருகும். வாயில் கரைகிற சுகம் அதனால்தான். மே மாத சென்னையில் டெலிவரி வண்டிக்குள் மொத்த பாட்டிலும் ஒரே கட்டியாவதும் அதனால்தான். சைவத்துக்கும் வெயிலுக்கும் மாற்று, பழத்தோலிலிருந்து எடுக்கிற பெக்டின். 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ பெயர் வைத்த பொருள். ஜாம் இறுகுவது இதனால்தான். ஆனா கம்மியில் பயன்படுத்துற வழக்கமான பெக்டினுக்கு நிறைய சர்க்கரையும் சரியான புளிப்பும் வேணும். கால்சியம் கார்பனேட் மாதிரி ஒரு காரப்பொருள் வந்து புளிப்பை முறித்தா, பாகு இறுகவே இறுகாது. ஒரு ஃபீச்சர் சேர்த்தா இன்னொண்ணு உடையும்.

நான்காவது மீன் எண்ணெய். காற்று பட்டால் சிக்குவாடை அடிக்கும். ஸ்ட்ராபெரி கம்மியில் மத்தி வாசனை வந்தா யார் வாங்குவாங்க? இதற்கான தீர்வுகளில் ஒண்ணு வந்த இடம் ரொம்ப வேடிக்கை. 1950களில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற கல்லாப்பெட்டி கம்பெனியில், பேரட் கிரீன் என்ற வேதியியலாளரும் அவர் சகாக்களும் கார்பன் பேப்பர் இல்லாமல் நகல் எடுக்கிற காகிதத்தை உருவாக்கினாங்க. சாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உறைகளில் அடைத்து காகிதத்தில் பூசிடுவாங்க. பேனா அழுத்தினா உறை உடையும், அடிக்காகிதத்தில் எழுத்து விழும். அந்த உறை செய்த பொருட்கள் ஜெலட்டினும் கருவேலப் பிசின் வகையைச் சேர்ந்த கம் அரபிக்கும். பிற்காலத்தில் கனடாவில் இதே முறையில் சாயத்துக்குப் பதில் மீன் எண்ணெயை அடைத்தாங்க. பில் புத்தகத்துக்காகப் பிறந்த டெக்னாலஜி மீன் வாடையை மறைக்கப் போச்சு.

அடுத்து நல்ல பாக்டீரியா, புரோபயாட்டிக். தயிரில் இருக்கிற வகை இந்தச் சூட்டில் செத்துடும். அதனால் கம்மிகளில் பெரும்பாலும் பேசில்லஸ் கோஅகுலன்ஸ் மாதிரியான வகையைத்தான் பார்ப்பீங்க. அது ஸ்போர் என்ற கடினமான உறைக்குள் உறங்கும், சூட்டைத் தாங்கும். வயிற்றுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு முன்னாடி, மொகல் மெஷினில் எது பிழைக்கும் என்ற கேள்வி வந்துடுது.

இரும்பு ஏன் ஃபெயில்?

கடைசியாக இரும்பு. இவர் எல்லா ரவுண்டிலும் மாட்டிக்கிறார்.

சுவை: துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி. எவ்வளவு மாம்பழ ஃபிளேவர் போட்டாலும் பின்னாலேயே எட்டிப்பார்க்கும். நிறம்: பழச்சாறு, தாவர நிறமிகளில் இருக்கிற பொருட்களோடு இரும்பு சேர்ந்தால் கருக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக எழுதுமை செய்தது இதே வேதியியலில்தான், இரும்பு உப்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்து. கூட்டாளிகளைக் கெடுப்பது: விட்டமின் சி-யும் எண்ணெய்களும் சிதைவதை இரும்பு வேகப்படுத்தும். ஆக, இவரை உள்ளே விட்டால் ஏற்கெனவே செலக்ட் ஆனவங்களும் ராஜினாமா பண்ணுவாங்க.

இவையெல்லாம் டெக்னிகல் காரணங்கள். அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வும் வருது. உறையிட்ட இரும்பு, கரையாத இரும்பு உப்பு போட்ட கம்மிகள் இப்போ சில உண்டு, அளவு பெரும்பாலும் குறைவாக. ஆனா இன்னொரு காரணம் இருக்கு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

இரும்பு அளவு மீறினால் விஷம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. 12 கிலோ குழந்தைக்கு, 60 மில்லிகிராம் மாத்திரை 12 போதும். 1980கள், 90களில் அமெரிக்காவில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷத்தால் இறந்ததற்கு இரும்பு மாத்திரை ஒரு முக்கியக் காரணம். பல சமயம் அது அம்மாவோட கர்ப்பகால மாத்திரை. நிறமா, பளபளன்னு, மிட்டாய் மாதிரி இருக்கும். 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இரண்டு விதி போட்டது: இரும்பு உள்ள சப்ளிமென்ட்களில் எச்சரிக்கை வாசகம் இருக்கணும், ஒரு டோஸில் 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தா ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பேக் பண்ணணும். குழந்தை ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்குள் யாராவது பார்த்துடுவாங்க என்ற கணக்கு. தனிப் பேக்கிங் விதியை 2003-ல் நீதிமன்றம் ரத்து செய்தது; எச்சரிக்கை வாசகம் இன்றும் இருக்கு.

காலத்தைப் பாருங்க. மிட்டாய் மாதிரி தெரிகிற இரும்பால் குழந்தைகள் இறக்குதுனு விதி போட்ட அதே 90களின் பிற்பகுதியில்தான், விட்டமினை நிஜ மிட்டாயாகவே மாற்றுகிற தொழில் பிறந்தது. அந்த மிட்டாயில் இரும்பைத் தவிர்த்தது நியாயமான முடிவு. ஆனா அந்த நியாயமான முடிவின் விளைவாக, 'மல்டி' என்று பெயர் போட்ட பாட்டிலில் ஒரு ஓட்டை விழுந்தது.

லேபிள் ஒரு வாக்குறுதி

இன்னும் ஒண்ணு பாக்கி. சத்து சிதையும்னு தெரிஞ்சதால், லேபிளில் சொன்னதை விடக் கூடுதலாகப் போடுவாங்கனு சொன்னேன் இல்லையா? தொழிலில் இதற்கு 'ஓவரேஜ்' என்று பெயர். காலாவதி தேதி அன்றும் லேபிள் அளவு இருக்கணும் என்றால், முதல் நாள் அதிகம் இருந்துதான் ஆகணும். விட்டமின் சி-யில் அது பெரிய விஷயம் இல்லை. எல்லாப் பொருளும் அப்படி இல்லை.

2023-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஜாமாவில் ஒரு ஆய்வு வந்தது. தூக்கத்துக்கான மெலட்டோனின் கம்மிகள் 25-ஐ வாங்கிச் சோதித்தாங்க. 22-ல் லேபிளும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகலை. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. மற்றவற்றில் லேபிள் அளவில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை. இதில் எவ்வளவு ஓவரேஜ், எவ்வளவு சரியாகக் கலக்காதது, எவ்வளவு அலட்சியம் என்பதை பாட்டிலைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. லிண்டின் மாலுமி மாதிரித்தான் நாமும். புளிப்பு இருக்கு, இனிப்பு இருக்கு. உள்ளே என்ன இருக்குனு நாக்குக்குத் தெரியாது.

கம்மியே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. மாத்திரை விழுங்க முடியாத ஒரு குழந்தைக்கோ முதியவருக்கோ விட்டமின் டி கம்மி நிஜமாவே உதவலாம். நான் சொல்றது இவ்வளவுதான்: கம்மிக்குள் என்ன இருக்கு என்பதை நம்ம உடம்போட தேவை மட்டும் முடிவு பண்ணலை. கரடி மிட்டாய்க்காகக் கட்டிய ஒரு ஃபேக்டரியும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்கு. 'தினம் கம்மி சாப்பிடுறேன், எனக்கு எல்லாச் சத்தும் கிடைக்குது' என்று ஒரு பொண்ணு நினைச்சு, தலைசுத்தலையும் மூச்சு வாங்கறதையும் வேலை டென்ஷன்னு தள்ளிவிட்டா, அதுதான் இங்கே உண்மையான ஆபத்து. அந்த சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் போதும். அதற்கு அப்புறம் டாக்டர் சொல்ற இரும்பு மாத்திரை அழகா இருக்காது, கரடி வடிவில் இருக்காது.

அரசுப் பள்ளியில் படிச்சவங்களில் பலருக்கு வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல மாத்திரை ஞாபகம் இருக்கும். 10 முதல் 19 வயதுக்கானது, 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில், 45 மில்லிகிராம். மேலே ஒரு மெல்லிய சர்க்கரைப் பூச்சு, அவ்வளவுதான் அலங்காரம். கேப்சூல் மாதிரியே அதுவும் கதவைச் சாத்திக்கொண்ட டிசைன். பலர் அதை ஜன்னல் வழியா வீசியிருப்பீங்க, எனக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் அதற்கு யாரும் ரீல் போட மாட்டாங்க. ஆனா எந்தக் கம்மியும் தூக்கத் தயங்குற சுமையை அது தூக்குது.

வீட்டில் இரும்பு மாத்திரை இருந்தா, அதைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைங்க. கம்மி பாட்டிலையும் அதே அலமாரியில் வைங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.